இரவலா, கைமாற்றா?

இரவல் வேறு, கைமாற்று வேறு. கல்யாணத்துக்கு வாங்கிப்போன அட்டிகை அதே அட்டிகையாகத் திரும்ப வேண்டும்; ஒரு டம்ளர் சர்க்கரைக்கு வேறு சர்க்கரை போதும். ரோமானியச் சட்டமும் இவ்விரண்டையும் தனித்தனி ஒப்பந்தங்களாகவே வைத்திருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் வட்டியைப் பாவம் என்று வாதிட்டதும் இதை வைத்துத்தான். கோதுமையைப் பயன்படுத்துவது என்றால் தீர்த்துவிடுவது. அதற்கொரு விலை, அதன் பயனுக்கு இன்னொரு விலை என்றால் ஒன்றையே இருமுறை விற்பதாகும். வீடோ குடியிருந்தாலும் நிற்கும். ஆகவே வாடகை நியாயம்.

வேலையின்றி நிற்கும் மின்சாரக் கட்டுமான இயந்திரத்தின் பேட்டரி இந்தப் பாகுபாட்டுக்குள் அடங்குவதில்லை. நார்வேயின் ஆஸ்லோவில் 2019-இல் ஒரு தெருப்பணி முழுக்க மின்சார இயந்திரங்களால் நடந்தது. 2025 முதல் மாநகராட்சிக் கட்டுமானங்களில் புகை கூடாது என்பது விதி. 23 டன் மின்சாரப் பொக்லைன் ஒன்றின் பேட்டரி 264 யூனிட் வரை கொள்ளும். வெள்ளி மாலை சாவியை எடுத்தால் திங்கள் காலை வரை அது சும்மா நிற்கும். இருவழி இன்வெர்ட்டர் இருந்தால், ஊரெங்கும் அடுப்பும் ஹீட்டரும் ஓடும் மாலையில் மின்தொகுப்புக்குக் கொடுத்து நள்ளிரவில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அந்த மின்சாரம் சர்க்கரை மாதிரி, கைமாற்று. ஆனால் ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் பேட்டரி கொஞ்சம் தேய்கிறது. அந்த அளவில் அது இரவல் போன அட்டிகை. மின்சாரத்துக்கு ஒரு விலையும் தேய்மானத்துக்குத் தனி வாடகையும் கேட்பதை அக்வினாஸின் கணக்கிலேயே வட்டி என்று சொல்ல முடியாது.

கொடுப்பது கடமையா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. குர்ஆனின் 107-ஆம் அத்தியாயமான ‘மாஊன்’, அற்பப் பொருளையும் தர மறுப்போரைக் கண்டித்து முடிகிறது. சட்டி, வாளி, கோடரி போன்ற புழங்கு பொருள்களே அவை என்பது உரையாசிரியர் பலரின் விளக்கம். வாளியைக் கொடுத்தவருக்கு நட்டம் ஏதுமில்லை. பேட்டரிக்கு உண்டு. மேலும், சும்மா நிற்பதெல்லாம் சும்மா அல்ல. தீயணைப்பு வண்டி நாள் முழுதும் கொட்டகையில் நிற்பதே அதன் வேலை. திங்கள் காலை ஏழு மணிக்குப் பேட்டரி காலியாக இருந்தால் மண் அள்ள வந்த லாரிகள் வரிசையில் கிடக்கும்.

ஜூலையில் நார்வேயின் கட்டுமானத் துறை மூன்று வாரம்போல விடுமுறையில் போகிறது. இயந்திரம் அப்போதுதான் உண்மையிலேயே சும்மா. ஹீட்டர்களுக்கு வேலையில்லாத மாதமும் அதுவே. கொடுக்க ஆள் இருக்கையில் கேட்க ஆளில்லை! நெருக்கடி வருவது ஜனவரி வாரநாள் மாலையில், மறுநாள் வேலைக்கு அதே பேட்டரி வேண்டியிருக்கும்போது. அந்த இரவில் உடையவர் மேல் அயலாருக்குள்ள உரிமை, விடியலுக்குள் திரும்ப ஏற்ற முடிகிற யூனிட்டுகள் வரைக்கும்தான் செல்லும்.