பன்னிரண்டாம் கோட்டம்



எம்பெருமான் எழுந்தருளும் சமவசரணத்தில் பன்னிரு கோட்டங்கள் உள்ளன என்று சிறுவயது முதலே கேட்டு வருகின்றோம். முனிவரும் தேவரும் மாந்தரும் அமர, பன்னிரண்டாம் கோட்டம் எவருக்கு உரியது? விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உரியது. சிங்கமும் மானும் பகை மறந்து அங்கே அறவுரை கேட்கின்றன. இதைக் கேட்டுக் கைகூப்பிவிட்டு நாம் எழுந்து வந்துவிடுகின்றோம். இறைவன் தம் அவையில் இடமளித்த உயிர்களுக்கு நாம் இப்புவியில் இடம் விட்டு வைத்திருக்கின்றோமா?

பரவையிலிருந்து தெற்கே நோக்கினால், வைகைக்கு அப்பால் நாகமலை நீண்டு கிடப்பதைக் காணலாம். மதுரையைச் சூழ்ந்த இத்தகைய குன்றுகளில்தான் நம் முனிவர்கள் கற்படுக்கைகளில் தங்கித் தவம் செய்தனர். அவற்றுள் ஒன்று மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியின் கழிஞ்சமலை. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், அச்சணந்தி முனிவர் செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனியும் அங்கு உள்ளன. அத்திருமேனியைச் சூழ்ந்து வாழ்வோர் யாவர்? ஏறத்தாழ 250 வகைப் பறவைகள். அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு. பாறை இடுக்குகளில் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. மழைநீர் குன்றுகளில் இறங்கி ஊற்றாகக் கசிந்து கண்மாய்களை நிரப்புகின்றது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் ஏறத்தாழ 193 எக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. 2024 நவம்பரில், அப்பகுதியையும் உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் கனிமம் எடுக்க ஏலம் முடிந்தது என்ற செய்தி வெளியாயிற்று. “நம் திருமேனிக்குத் தீங்கு நேருமோ?” என்று நம்மவர் பலர் கலங்கினர். நானும் முதலில் அதையே கேட்டேன், மறைப்பதற்கில்லை. ஆனால் அவ்வட்டாரத்து உழவர்களோ மலையையும் நீரையும் நிலத்தையும் காக்க எழுந்தனர். கிராம சபைகளில் தீர்மானம் இயற்றினர். 2025 சனவரியில் ஆயிரக்கணக்கில் மதுரை நோக்கி நடந்தனர். சனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. திருமேனியும் தப்பியது. மலையைக் காத்தவர்கள் நம் இறைவனையும் காத்தார்கள். நாமோ இறைவனை மட்டும் நினைத்தோம், அவரது அவையை மறந்தோம். ஓர் எறும்பை மிதிக்க அஞ்சும் நாம், ஓர் உயிரினம் முழுவதும் வாழும் இடம் அழிவதற்கு அதனினும் மிகுதியாக அஞ்ச வேண்டாமா?

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். வல்லூறு கொன்று தின்னும் பறவையாயிற்றே. அதைக் காப்பது கொல்லாமைக்குப் பொருந்துமா? மகாவீரப் பெருமானின் முற்பிறவிகளுள் ஒன்றை நினைவு கூருங்கள். அப்பிறவியில் அவர் சிங்கம். கொன்று தின்னும் விலங்கு என்று வெறுக்காமல், சாரண முனிவர் இருவர் அதனிடம் சென்று அறம் உரைத்தனர். அச்சிங்கமே பின்னர்த் தீர்த்தங்கரர் ஆயிற்று. விரதம் பகுத்தறிந்து ஏற்பவர்க்கு உரியது; வல்லூற்றின் வினை வல்லூற்றுக்கு. அதன் வாழ்விடத்தைப் பறித்தால் வரும் வினையோ நமக்கு. மேலும், வல்லூறு எலிகளை அடக்கி வயலைக் காக்கின்றது. அழுங்கு எறும்பையும் கறையானையும் உண்டு அவை அளவின்றிப் பெருகாமல் தடுக்கின்றது. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி நிற்பவை என்று உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் உணர்த்தியதை இம்மலையில் கண்ணாலேயே காணலாம்.

இல்லறத்தார் செய்யத்தக்கது யாது? நம் குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை வீணாக்குதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றை அது விலக்கச் சொல்கின்றது. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் இவற்றை எண்ணிக் காட்டியுள்ளார். இந்நாளில் இவ்விரதத்தை ஏற்க இதைவிடத் தக்க காரணம் வேண்டுமோ?

வீட்டில் எலிக்கு நஞ்சு வைக்காதீர்கள். எலியைக் கொல்லும் பாவம் ஒருபுறம் இருக்க, நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் வல்லூறும் மடியக்கூடும். தானியத்தை மூடி வைத்து, சுவரின் வளைகளை அடைத்தாலே எலித்தொல்லை பெரிதும் குறையும். மலைத் தரிசனத்திற்குச் செல்வோர் பாலிதீன் பைகளை அங்கே விட்டு வாராதீர்கள், ஒலிபெருக்கி வைக்காதீர்கள், சுனையில் எண்ணெயும் சோப்பும் கலக்க விடாதீர்கள். ஊர்க் கண்மாயும் மரமும் அழிக்கப்படும் போது, “அது நம் கோயில் நிலமன்று” என்று ஒதுங்கி நில்லாதீர்கள்.

அடுத்த முறை கழிஞ்சமலைத் திருமேனியின் முன் கைகூப்பும்போது, சற்றே திரும்பி வானையும் பாறையையும் புதரையும் நோக்குங்கள். பன்னிரண்டாம் கோட்டத்தார் அங்கே இருக்கின்றார்கள். அவர்கள் இல்லாத மலையில் எம்பெருமான் தனித்திருக்க நாம் விடலாகாது.

எவ்வுயிரும் இன்புறுக! ஜினதருமம் வாழ்க!