கேட்டு வாங்கு உன் பாஸ்வேர்டை!

உசிலம்பட்டியிலும் செக்கானூரணியிலும் பஸ் ஏறி, நாகமலை அடிவாரத்தில் காமராசர் பல்கலைக்கழக வாசலில் இறங்கும் தங்கையே, தம்பியே! "ஆராய்ச்சிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்ற பேச்சை இன்றோடு விட்டுத் தொலை.

2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடப்பில் இருக்கிறது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்குமாகக் கட்டப்பட்ட சந்தா இது. உன் அம்மா வாங்கும் சோப்புக்கட்டியில் பிடித்த வரியும் அதில் இருக்கிறது! அரசு உதவி பெறும் கல்லூரியில் படிக்கிறாயா? ஆய்விதழ்களை இணையத்தில் திறக்கும் என்-லிஸ்ட் திட்டத்தின் பாஸ்வேர்டைக் கேள். நூலகர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்காதே. உரிமையோடு கேள்.

இவ்வளவு இருந்தும், போன வருடத்து சீனியரின் புராஜெக்ட்டை வாங்கிப் பெயரை மாற்றி பைண்டிங் போடுகிறார்கள் நம் பிள்ளைகள். நெஞ்சு கொதிக்கிறது எனக்கு. உன் மூளை அவ்வளவு மட்டமா?

வா, உட்கார். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை எடுத்துக்கொள்வோம். உன் அப்பாவின் தோட்டத்தில் மொட்டுப்புழு விழுந்திருக்கிறது. அதுதான் உன் தலைப்பு. தேடுபெட்டியில் வெறுமனே 'ஜாஸ்மின்' என்று அடித்தால் தேயிலையும் சென்ட்டும் சேர்ந்து கொட்டும். மிரளாதே. 'ஜாஸ்மினம் சம்பாக்' என்ற தாவரப் பெயரை ஆங்கிலத்தில் அடித்து இரட்டை மேற்கோளுக்குள் வை. பெரிய எழுத்தில் 'ஆண்ட்' போடு. புழுவுக்கு 'பட்வார்ம்', 'பட் போரர்' என்று இரண்டு பெயர் இருந்தால், நடுவே 'ஆர்' போட்டு அடைப்புக்குறிக்குள் சேர். குவியல் கைக்கு அடங்கிவிடும்.

நல்ல கட்டுரை ஒன்று சிக்கினால் போதும். அதன் கடைசியில் இருக்கும் துணைநூல் பட்டியல் உன்னைப் பழைய ஆய்வுகளிடம் கூட்டிப்போகும். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் யாரென்று கூகுள் ஸ்காலரில் பார், புதியவை வரும். ஷோத்கங்கா இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கக் காசும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

இங்கிலீஷ் பயமுறுத்துகிறதா? முதலில் சுருக்கம், அடுத்து முடிவுரை, பிறகுதான் நடுப்பகுதி. நாலு கட்டுரை தாண்டினால் அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அப்போது அவை உன் சொற்களாகிவிடும்.

ஆய்விதழ் நம் ஊருக்குப் புதிதா என்ன? 1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். 'பாண்டியன் புத்தகசாலை' அமைத்தார். மறு ஆண்டே 'செந்தமிழ்' இதழ் வந்தது. ஒரு சுவடிக்காக ஊர் ஊராக அலைந்த தலைமுறை அது. அந்த மண்ணில் நின்றுகொண்டு நீ தயங்கலாமா?

ஒரு கட்டுரை திறக்காமல் பணம் கேட்கிறதா? கட்டாதே. நூலகரிடம் சொல்லிப் பார். அதற்கும் வழியில்லையென்றால், பெரும்பாலும் கட்டுரையின் முகப்பிலேயே ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். 'மதுரையில் படிக்கிறேன், மல்லியைத் தாக்கும் புழுவை ஆராய்கிறேன், உங்கள் கட்டுரை வேண்டும்' என்று நிமிர்ந்து எழுது. அடியில் உன் முழுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் போடு.