நோகாத மனம்

ரே பிராட்பரி 1953இல் வெளியிட்ட 'ஃபாரன்ஹீட் 451' நாவலில் தீயணைப்பு வீரர்களின் வேலையே புத்தகங்களைக் கொளுத்துவதுதான். அவர்களின் தலைவன் பீட்டி தரும் விளக்கம்தான் கலங்கடிக்கிறது: தடை மேலிடத்திலிருந்து வரவில்லை, மக்களே முதலில் படிப்பதை விட்டார்கள். யார் மனமும் நோகக்கூடாது, எல்லோரும் சந்தோஷமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நோகாத மனம் நிறைந்த மனமாகிவிடுமா? நாயகன் மான்டாக்கின் மனைவி மில்ட்ரெட் சுவரளவு தொலைக்காட்சிகளுக்கு நடுவே வாழ்கிறாள். தூக்க மாத்திரைகளை அள்ளி விழுங்கியது மறுநாள் அவளுக்கு நினைவில்கூட இல்லை. மான்டாக் கடைசியில் மனத்தில் சுமப்பதோ விவிலியத்தின் பிரசங்கி நூலை. எல்லாம் மாயை என்று உலுக்கும் நூல் அது, தாலாட்டு அல்ல.

வேடிக்கை என்னவென்றால், இந்த நாவலுக்கே கத்தரி விழுந்தது. 1967இல் பள்ளிகளுக்கென வந்த பதிப்பில் வசவுச் சொற்களைப் பதிப்பகமே சத்தமில்லாமல் நீக்கியிருந்தது. பிராட்பரிக்கு விஷயம் தெரியவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அதன் பிறகே முழுப் பிரதி மீண்டும் அச்சேறியது.