‘ஒன்றுமில்லை’ என்ற சொல்

டாக்டர்கள் சொல்லக்கூடிய சொற்களிலேயே இனிமையானது ‘ஒன்றுமில்லை’ என்பதுதான். அதைக் கேட்பதற்காகவே காரமடைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, பெரியநாயக்கன்பாளையமும் துடியலூரும் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். நாலைந்து இரவுகளாக நெஞ்சு படபடவென்று அடித்திருக்கும், தூக்கம் போயிருக்கும், இதோ உயிர் போகப் போகிறது என்றே தோன்றியிருக்கும். ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். டாக்டர் அந்தக் காகிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்” என்கிறார். வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்கிறது.

ஆனால் பஸ் திரும்ப ஊர் வந்து சேருவதற்குள் அந்தச் சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. “ஒண்ணுமில்லீன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு, அப்பறம் என்னத்துக்கு இந்த ஆர்ப்பாட்டம்?” என்று வீட்டார் கேட்கத் தொடங்குகிறார்கள். நோய் இல்லை என்ற நல்ல செய்தி, நோயாளி கோழை என்ற தீர்ப்பாக, சில வீடுகளில் நடிக்கிறாள் என்ற குற்றச்சாட்டாகவே ஆகிவிடுகிறது. மறுநாள் இரவு நெஞ்சு மறுபடி அடிக்கும்போது அந்த மனிதர் யாரையும் எழுப்புவதில்லை. இருட்டில் உட்கார்ந்து தனியாக எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இருதயத்தில் கோளாறு இல்லை. அப்படியானால் அந்தத் துடிப்பு பொய்யா?

பொய் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் இருதயம் நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை வரை அடிக்கிறது. அச்சம் வந்தால், சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகின்றன. நரம்புகளும் சேர்ந்து விரட்டுகின்றன. துடிப்பு 120, 130 என்று ஏறுகிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. எதிர்த்து நிற்பதற்கோ ஓடித் தப்புவதற்கோ உடம்பு தயாராகிற தயாரிப்பு இது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் 1915இல் வெளியான தம் நூலில் விளக்கினார். மனத்தில் தொடங்குகிறது என்பதனால் உடம்பில் நடப்பது குறைந்துவிடுவதில்லை. அடிக்கிற இருதயம் உண்மையாகவே அடிக்கிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்றார். அவற்றில் அச்சமும் ஒன்று. மெய்ப்பாடு என்ற பெயரிலேயே மெய் இருக்கிறது. உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதை இழிவாக அவர் நினைக்கவில்லை, இலக்கணமே வகுத்திருக்கிறார். அச்சம் நான்கிலிருந்து பிறக்கும் என்பதும் அவர் கணக்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளுகிற இறைவன்.

இவற்றில் விலங்கைக் காரமடைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வனச்சரகத்தை ஒட்டிய தோட்டங்களில் வாழை போட்டவர்கள் இரவில் காவல் இருக்கிறார்கள். கடைசி வரிசையில் ஒரு மரம் மளுக்கென்று முறிகிற சத்தம் கேட்டால் போதும், நெஞ்சு தொண்டைக்கு வந்துவிடும். கத்தி, தகரம் தட்டி, வெடி போட்டு யானையை விரட்டுகிறார்கள். அது காட்டுக்குள் திரும்பிய பிறகு ஒரு பீடி பற்றவைக்கிற நேரத்தில் துடிப்பு அடங்கிவிடுகிறது. “அப்பா, உசிரே போயிருச்சுங்க” என்று மறுநாள் டீக்கடையில் அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார். யாரும் அவரைக் கோழை என்பதில்லை.

அதே மனிதர் அந்த வாழைக்காக வாங்கிய கடனை நினைத்து விடியற்காலை நாலு மணிக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், அப்போதுதான் “என்ன ஆம்பளை இவன்!” என்கிறோம். உடம்புக்கு இரண்டும் ஒன்றே. இன்னும் சொன்னால் இரண்டாவதுதான் கொடியது. தகரம் தட்டினால் கடன் காட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. எதிர்க்கவும் ஆளில்லை, ஓடவும் இடமில்லை. தயாரிப்பு மட்டும் இரவெல்லாம் நடக்கிறது.

வீரம் இல்லாதவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்கிறவர்கள் ஜேக்கப் ட கோஸ்டா என்ற டாக்டரின் கட்டுரையை அறிந்துகொள்ள வேண்டும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய சிப்பாய்களிடம் இந்தப் படபடப்பை அவர் பார்த்தார். அதைப் பற்றி 1871இல் எழுதினார். மார்பில் வலி, மூச்சிரைப்பு, கட்டுக்கடங்காத துடிப்பு. சோதித்தால் இருதயத்தில் பெரிய பழுது ஏதும் இல்லை. ‘சிப்பாயின் இருதயம்’ என்றே பிற்காலத்தில் அதற்கு ஒரு பெயர் வந்தது. துப்பாக்கி பிடித்தவர்களுக்கு வந்தது தறி ஓட்டுகிறவருக்கும் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் வருவதில் வெட்கம் என்ன இருக்கிறது?

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். ‘எல்லாம் மனசுதான்’ என்று அவசரப்பட்டுச் சொல்வதும் தவறாகலாம். சிலருக்கு இருதயத்தின் மின்னோட்டப் பாதையிலேயே ஒரு குறுக்கு வழி இருக்கும். சுவிட்சைப் போட்டது போல் திடீரென்று துடிப்பு 150க்கு மேல், சில சமயம் 200க்கு மேலும் பாயும். அதே போல் திடீரென்று நிற்கும். நின்ற பிறகு எடுத்த ஈ.சி.ஜி. சுத்தமாகவே இருக்கலாம். இப்படிப்பட்டவர்களில் பலரைப் பயந்தாங்கொள்ளிகள் என்று தள்ளிவைத்திருந்தார்கள் என்பதை 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது. பெண்களுக்கு இந்த அநியாயம் அதிகமாக நடந்திருந்தது. சோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும், தைராய்டு மிகுந்தாலும் படபடக்கும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சோகை இருந்தது. இரத்தத்தையும் பார்க்காமல் மனசின் மேல் பழி போடுவது சோம்பேறித்தனம்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, உண்மையிலேயே மனசுதான் என்று வைத்துக்கொள்வோம். விஷயம் அங்கே முடிந்துவிடுகிறதா? ரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர் முடிந்ததாக நினைக்கவில்லை. தூக்கமின்றித் தவித்த ஒரு பெண்ணை அவர் பார்த்தார். உடம்பில் நோய் எதுவும் அகப்படவில்லை. ஒரு நாள் யாரோ வந்து, பிலாடிஸ் என்ற நடனக்காரர் ஆடுவதைப் பார்த்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னார்கள். அவள் நாடி தடுமாறியது. அடுத்த நாட்களில் வேறு நடனக்காரர்களின் பெயர்களைச் சொல்லவைத்துப் பார்த்தார் கேலன்; நாடி அசையவில்லை. மறுபடி பிலாடிஸ் என்றதும் குதித்தது. ‘ஒன்றுமில்லை’ என்று நாம் எழுந்து போகிற இடத்தில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யார் பெயரைச் சொன்னால் இந்த நெஞ்சு வேகமாக அடிக்கிறது என்பதே அவர் கேள்வி.

காரமடைக்குச் சற்றுத் தள்ளி எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டது டாக்டர் அல்ல. லீவுக்கு வந்து ஒரு மாதம் தங்கியிருந்த மகள் வயிற்றுப் பேத்தி.

“ஏன் அம்முச்சி, செவ்வாக்கெழமை ராத்திரிதானே உனக்கு இப்படி வருது?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு.”

“புதன்கெழமை என்ன இருக்குது?”

புதன்கிழமை குழுக் கடன் தவணை. பத்துப் பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாங்கிய பணம். ஒருத்தி கட்ட முடியாமல் ஊரை விட்டே போய்விட்டாள். அவள் பங்கும் மற்றவர்கள் தலையில் விழுந்தது. பெரியவருக்கு இதெல்லாம் தெரியாது. பேச்சு வளர வளர வெளிவந்தது இன்னொன்று: வசூலுக்கு வருகிற பையனைக் கண்டு அந்த அம்மாளுக்கு அவ்வளவு பயமில்லை, அவன் குரல் உயர்ந்து அது வீட்டுக்காரர் காதில் விழுந்துவிடுமோ என்பதுதான் பயம். தொல்காப்பியர் நாலாவதாகச் சொன்ன அச்சம் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்!

விஷயம் தெரிந்ததும் பெரியவர் ஒரு மணி நேரம் சத்தம் போட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பணத்துக்கு ஏற்பாடு செய்யப் போனார். கடன் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. படபடப்பும் முழுக்க நின்றுவிடவில்லை. ஆனால் அது வரும்போது அந்த அம்மாள் இப்போது விளக்கைப் போடுகிறாள். யாராவது எழுந்து தண்ணீர் கொடுக்கிறார்கள்.

பிறருடைய பாவம்தான் எப்போதும் காரணம் என்று நான் வாதாடவில்லை. ஊர்ப் பணத்தை விழுங்கியவனுக்கும் நெஞ்சு அடிக்கும். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடையோர் செயல் என்ற வள்ளுவர் கட்சிதான் நானும். அவனுக்கு இருதயம் சரியாகவே வேலை செய்கிறது. 1960களில் ஜேம்ஸ் பிளாக் என்பவர் உண்டாக்கிய பிராப்ரனலால் மாத்திரை அவன் துடிப்பையும் அடக்கும், செவ்வாய்க்கிழமை அம்மாளின் துடிப்பையும் அடக்கும். மாத்திரைக்கு வித்தியாசம் தெரியாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். பக்கத்தில் இருக்கிற நமக்குமா வித்தியாசம் தெரியக்கூடாது?

லண்டனில் ஜான் ஹன்டர் என்ற பெரிய சர்ஜன் இருந்தார். இருதய நோயாளி, முன்கோபி. தம்மைச் சீண்டிப் பார்க்க நினைக்கிற எந்தப் போக்கிரியின் கையிலும் தம் உயிர் இருக்கிறது என்று அவர் சொல்வதுண்டாம். 1793இல் ஆஸ்பத்திரிக் கூட்டமொன்றில் வாக்குவாதம் முற்றி, பக்கத்து அறைக்குப் போய் விழுந்து இறந்தார். அவருக்காவது யார் கையில் தம் உயிர் இருக்கிறது என்று சொல்ல வாய் இருந்தது.

கடன்காரர்களின் கெடுபிடியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டிக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. வற்புறுத்தி வசூலிப்பதற்கு எதிராக 2025இல் இன்னொன்றும் வந்திருக்கிறது. வாசலில் வந்து கத்துகிறவனை அவற்றைக் காட்டி நிறுத்தலாம். மார்க் பட்டியலைக் கேட்டபடி உள்ளே வருகிற அப்பாவை எந்தச் சட்டத்தைக் காட்டி நிறுத்துவது? வெளியே அவர் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்கிறது. புத்தகத்தின் மேல் குனிந்திருக்கிற பையனிடம், “என்னடா ஒரு மாதிரி இருக்கிறாய்?” என்று அம்மா கேட்கிறாள். “ஒண்ணுமில்லம்மா” என்கிறான் அவன்.