மூன்றுக்கு ஒன்று

2023 ஆகஸ்டு 12, சனிக்கிழமை. சிலாங்கூரோடு சேர்த்து ஆறு மாநிலங்களில் சட்டமன்றத் தேர்தல் நடந்த நாள். அன்றிரவு புக்கிட் ரோத்தானில், சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருடைய இடது ஆட்காட்டி விரலிலும் மை இருந்தது. மாநிலத்தின் 56 தொகுதிகளில் யார் எங்கே முந்துகிறார்கள் என்று கைப்பேசிகள் சொல்லிக்கொண்டே இருந்தன. பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டோம். ஒரு தம்பியின் கைப்பேசியை மட்டும் மிளகாய்ச் சாஸ் போத்தலில் சாய்த்து நிறுத்தி, ஏழெட்டுப் பேர் அதைச் சுற்றித் தலையை நீட்டினோம். சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கிண்ணத்தின் இறுதியாட்டம். இந்தியாவும் மலேசியாவும்.

அந்தக் கிண்ணத்தின் இறுதிக்கு நாங்கள் வருவது அதுவே முதல் முறை. ஆறு நாளுக்கு முன்னால் முதல் சுற்றில் இதே இந்தியாவிடம் 5-0 என்று உதை வாங்கியிருந்தோம். முதல் கோலை அடித்தவர் அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம். அடுத்து அரையிறுதியில் தென்கொரியாவை 6-2 என்று நொறுக்கினோம். ('நாங்கள்' என்று எழுதுகிறேன். ஓடியவர்கள் அவர்கள், தே தாரிக் குடித்தவர்கள் நாங்கள். இந்த 'நாங்கள்' கொஞ்சம் சந்தேகத்துக்குரியதுதான், பிறகு வருகிறேன்.)

முதல் கோல் இந்தியாவுடையது. அதன்பின் அஸ்ராய், ரஸி ரஹிம், அமினுதீன் என்று மலேசியா வரிசையாக மூன்று அடித்தது. அரைநேரத்தில் 3-1. கடையில் யாரோ எல்லோருக்கும் ஒரு சுற்று மீ கோரெங் சொல்லிவிட்டார். 1975ஐப் பார்த்த ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் அரைவாசி இருக்குய்யா" என்றார். அவர் வாயில் சனி. 45ஆவது நிமிடத்தில், அதாவது மூன்றாம் கால்பகுதி முடியும் தறுவாயில், ஹர்மன்பிரீத் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒன்று போட்டார். மணி அடிப்பதற்குள் குர்ஜந்த் இன்னொன்று. 3-3. பிறகு 56இல் ஆகாஷ்தீப். நாலுக்கு மூன்று. மீ கோரெங் பாதி பாதியாகத் தட்டில் கிடந்தது.

தோல்விக்குப் பிந்தைய முதல் பத்து நிமிடப் பேச்சை நான் எப்போதும் நம்புவதில்லை, ஆனால் அதுதான் சுவாரசியமானது. "மூனுக்கு ஒன்னு இருக்கும்போது எதுக்கு லா பின்னுக்குப் போய் நின்னாங்க?" "பின்னுக்குப் போகல, போக வச்சாங்க." "ஆள மாத்தியிருக்கணும், களைச்சுப் போயிட்டானுங்க." "மாத்துனதாலதான் போச்சு." ஆறு அங்குலத் திரையில், இணையம் திக்கித் திக்கி ஓடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இவ்வளவும் சொன்னோம். கடைசியில் எல்லாப் பேச்சும் வந்து சேரும் இடத்துக்கு அதுவும் வந்தது: பயிற்றுநரைத் தூக்கணும்.

அங்கேதான் ஒரு தயக்கம். பயிற்றுநரின் பெயர் அருள் செல்வராஜ். நம்ம ஆளு. பாதிப் பேர் "யாரா இருந்தாலும் தூக்கணும்" என்றார்கள். மீதிப் பேர் "நம்ம ஆளுன்னுதான் தூக்கப் பாக்குறானுங்க" என்றார்கள். அப்போது யாரும் அவரைத் தூக்க முயலவே இல்லை. ஆட்டம் முடிந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்தப் பெரியவர் 1975க்குப் போனார். எங்கள் ஊரில் ஹாக்கி பேசினால் யாராவது அங்கே போகாமல் இருக்கமாட்டார்கள். கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தின் அரையிறுதி, அன்றும் எதிரே இந்தியா. சில நிமிடங்களே மிச்சமிருக்க மலேசியா 2-1 என்று முன்னே நிற்கிறது. இந்தியத் தரப்பு அஸ்லம் ஷேர் கானை மாற்று ஆட்டக்காரராக இறக்குகிறது. பெனால்டி கார்னர் கிடைக்கிறது. கழுத்துத் தாயத்தை முத்தமிட்டுவிட்டு அவர் அடித்தார் என்று கதை. பந்து உள்ளே போனது மட்டும் கதை இல்லை. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடிக்க, மலேசியா 3-2இல் தோற்றது. இந்தியா இறுதியில் பாகிஸ்தானை வென்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனது.

"அவன இறக்குனாங்க பாரு, அதுதான் மூளை" என்றார் பெரியவர். எனக்கு அங்கே ஒரு முள் தைத்தது. அஸ்லமின் அடி ஓரடி விலகியிருந்தால், அதே முடிவை இந்தியாவில் என்னவென்று சொல்லியிருப்பார்கள்? சூடேறாத ஆளை, கடைசி நேரத்தில், இப்படியொரு ஆட்டத்தில் இறக்கலாமா என்றுதானே. முடிவு ஒன்றுதான், அதை எடுத்தவருக்குத் தெரிந்திருந்ததும் அதே அளவுதான். பந்து உருண்ட வழிதான் அதை மூளையாகவோ மடத்தனமாகவோ ஆக்குகிறது. ஆறு நாளில் 5-0, 3-1, 3-4 என்று மாறியது பயிற்றுநரின் அறிவு என்றா சொல்வோம்?

பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் இந்தச் சிக்கலுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அறநெறி அதிர்ஷ்டம் என்று தமிழில் சொல்லலாம். நம் கையில் இல்லாத விளைவுகளுக்காக நாம் நல்லவராகவோ கெட்டவராகவோ எடைபோடப்படுகிறோம். அது நியாயமில்லை என்று தெரியும், ஆனாலும் நிறுத்த முடிவதில்லை. வில்லியம்ஸ் ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்வார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. குறுக்கே வந்த குழந்தை அடிபட்டுவிடுகிறது. நாம் எல்லோரும் அவரிடம் போய் "உங்க தப்பு இல்லண்ணே" என்போம். ஆனால் அவர் உடனே "ஆமா, என் தப்பு இல்லதான்" என்று துடைத்துக்கொண்டு போனால் நமக்கு ஏதோ செய்யும். பார்த்துக்கொண்டு நின்றவனின் வருத்தமும் ஓட்டியவரின் வருத்தமும் ஒன்றாக இருக்கமுடியாது. எங்கள் சாலையில் இரவெல்லாம் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகும். இந்த உதாரணத்தைப் புரிந்துகொள்ள நான் கஷ்டப்படவில்லை.

ஆக, பிழை இல்லாமலும் ஒருவன் பதில் சொல்லவேண்டியவனாக இருக்கலாம். எனக்கு அந்த இரவில் கிடைத்தது இவ்வளவுதான். அருள் தவறு செய்தாரா என்று எனக்குத் தெரியாது, அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஏன் என்று சொல்லவேண்டிய இடத்தில் ஒருவர் இருக்கிறார், அவருக்கு மேலேயும் சிலர் இருக்கிறார்கள். நாங்கள் கேட்டது அதை இல்லை. தலையைக் கேட்டோம். பதிலையும் தலையையும் நாம் ஒன்றாக நினைக்கிறோம். பல நேரம் ஒன்று இன்னொன்றைக் கொன்றுவிடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. அரையிறுதியில் இந்தியாவை ஷூட்-அவுட்டில் வீழ்த்தினோம், கோல்காவலர் எஸ். குமார் அன்று தெய்வம். இரண்டு நாள் கழித்து ஜப்பானுடன் இறுதி. முன்னிலையில் இருந்த ஆட்டத்தை 6-6 என்று விட்டுக்கொடுத்து, அதே ஷூட்-அவுட்டில் 3-1 என்று தோற்றோம். வென்றிருந்தால் நேராக தோக்கியோ ஒலிம்பிக். ஸ்டீஃபன் வான் ஹியூசன் இருந்த இடத்துக்கு நெதர்லாந்தின் ரோலண்ட் ஓல்ட்மன்ஸ் வந்தார். 2019இல் லண்டனில் பிரிட்டனிடம் தோற்று தோக்கியோ போனது. அப்புறம் அருள். சென்னைக்குப் பிறகு 2024 ஜனவரியில் மஸ்கட் தகுதிச் சுற்றில் பாரிஸும் போனது. அதே ஆண்டு சர்ஜித் சிங் வந்தார். மலேசிய ஆண்கள் அணி கடைசியாக ஒலிம்பிக் ஆடியது 2000இல், சிட்னியில். அப்போது பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயது.

இவர்களில் யார் திறமையானவர் என்பது என் கேள்வி இல்லை. ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் ஒரு கேள்வி மூடப்படுகிறது. முன்னே நின்ற ஆட்டங்கள் ஏன் திரும்பத் திரும்பக் கைநழுவின? போனவரிடம் கேட்டால் அவர் போய்விட்டார். வந்தவரிடம் கேட்டால் அவர் அப்போது இல்லை. புதியவர், புதிய திட்டம், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. என் பாட்டி பால்மரம் வெட்டியவர். பால் குறைந்தால் மண்டோர் வெட்டுக்காரரைத் திட்டுவார், கிராணி மண்டோரைத் திட்டுவார், அதற்கு மேலே போனால் துரைக்கு மாற்றல் வரும். புதுத் துரை வந்த அன்று எல்லோரும் வரிசையில் நின்று கும்பிடுவார்களாம். "துரை மாறுனாரு, மரம் அதே கிழட்டு மரந்தான்" என்பார் பாட்டி. கிழட்டு மரத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று எந்தத் துரையிடமும் யாரும் கேட்டதில்லை. கேட்கும் பழக்கமே இல்லாத இடத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, கேட்க வாய் வரும்போது நேராகத் தண்டனையைக் கேட்டுவிடுகிறோம்.

இப்போது அந்த 'நாங்கள்'. எங்களுக்குக் கேட்க என்ன உரிமை? தேசிய அணி மக்கள் பணத்தில் நடக்கிறது என்பது சரிதான். ஆனால் அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவரும் தன் பிள்ளைக்கு ஹாக்கி மட்டை வாங்கிக் கொடுத்தவர் இல்லை. அப்பாக்கள் ஆடிய தோட்டத்துத் திடல் செம்பனைக்குள்ளே போய்விட்டது. அதற்கும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இருந்தாலும் கேட்க உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். கேட்பவன் தனக்கும் ஒரு கேள்வி வரும் என்று தெரிந்து கேட்கவேண்டும், அவ்வளவே.

எனக்கு அது அன்றே வந்தது.

2016இல் நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் மாலை நேரம் ஹாக்கி பழக்கிக்கொண்டிருந்தேன். ஆசிரியன் இல்லை, உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். இளவயதில் கொஞ்சம் ஆடியிருந்ததால் கூப்பிட்டார்கள். மாவட்ட அளவில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான அரையிறுதி. ஒன்றுக்குச் சுழியம் என்று முன்னே இருந்தோம். பாதிக்கு மேல் நேரம் போனபோது எங்களிடம் இருந்த ஆகச் சிறந்த பையனை வெளியே எடுத்தேன். திரும்ப அனுப்பவில்லை. இரண்டு கோல் வாங்கித் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் பெற்றோர் சூழ்ந்துகொண்டார்கள். "ஏன் சார் அவன எடுத்தீங்க?" நான் சொன்னேன்: "தோல்விக்கு நான் பொறுப்பு. இனிமே நான் வரல." அப்படியே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் கம்பீரமாகத்தான் இருந்தது. மானஸ்தன், பதவியைத் தூக்கி எறிந்துவிட்டான். பல வருடம் அதை ஒரு நல்ல காரியமாகவே நினைத்திருந்தேன்.

அன்றிரவு சாஸ் போத்தலில் கைப்பேசியைச் சாய்த்து வைத்த தம்பி அந்தப் பையன்தான். இப்போது பத்தொன்பது வயது, செம்பனை ஆலையில் வேலை. எல்லோரும் தூக்கணும் தூக்கணும் என்று கத்தியபோது அவன் மட்டும், "தூக்குறதுக்கு முன்ன ஏன் அப்படி ஆடுனாங்கன்னு கேக்கமாட்டாங்களா?" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மீ கோரெங் இறங்கவில்லை.

மற்றவர்கள் கிளம்பியபின் நானே கேட்டேன். "அன்னிக்கு உன்ன ஏன் வெளிய எடுத்தேன்னு தெரியுமாடா?"

"தெரியும் சார்" என்றான். "ஜெர்சிக் காசு கட்டல. இருபத்தஞ்சு வெள்ளி. அப்பாவுக்கு அந்த மாசம் வேலை இல்ல."

எனக்கு அவன் ஜெர்சிக் காசு கட்டாததே தெரியாது. அதை வசூலித்தது வேறு யாரோ. ஏழு வருடமாக அவன் அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் அப்பாவும். நான் விட்டுப்போன காலி இடத்தில் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த காரணத்தை வைத்து நிரப்பிக்கொண்டார்கள். நாங்கள் அரைமணி நேரத்துக்கு முன்னால் 'நம்ம ஆளு'வை வைத்து நிரப்பியதும் இப்படித்தான்.

சொன்னேன். அவன் மற்ற பிள்ளைகளை மட்டமாகத் திட்டிக்கொண்டே ஆடினான், கோல்காவலனாக நின்ற சின்னப் பையன் அழுதுகொண்டிருந்தான், அதனால் எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொன்றையும் சொல்லவேண்டியிருந்தது: ஐந்து நிமிடத்தில் திரும்ப அனுப்பலாம் என்றுதான் எடுத்தேன். வெளியே வந்தவன் மட்டையைத் தரையில் வீசினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்ப அனுப்பாததற்கு அது மட்டும்தான் காரணம்.

அவன் கொஞ்ச நேரம் தேநீர் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எடுத்தது சரி சார்" என்றான். "ஆனா என்னைப் பின்னுக்கு இறக்கியிருக்கலாம். பின்னுக்கு நின்னா யாரத் திட்டப்போறேன்?"

"பின்னுக்கு நின்னா கோல்கீப்பருக்கு இன்னும் பக்கமா நின்னு திட்டியிருப்ப."

"அது சரி. அப்ப ரைட் விங்."

"ரைட் விங்ல உன்னோட வேகம் பத்தாது."

"எனக்கா பத்தாது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சாஸ் போத்தலை நடுவில் வைத்து, டம்ளர்களை ஆட்டக்காரர்களாக அடுக்க ஆரம்பித்தோம். கடைக்காரர் வந்து மேசையைத் துடைக்கவேண்டும் என்றபோது மணி இரண்டரை.