கைமாறாத கடமை

ஒருவர் தம் கடமையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டால், அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பும் அவரை விட்டு நீங்கிவிடுமா என்பது அறவியலின் பழைய வினா. இன்றைய அரசுகள் அதனை இரு வழிகளில் மீண்டும் எழுப்புகின்றன. பொதுச்செலவுக்கான பணத்தைப் பரிசுச்சீட்டு விற்றுத் திரட்டுவது ஒரு வழி. தாம் செய்யவேண்டிய பணியைத் தனியார் முதலீட்டில் செய்வித்து, ஈடாக நிலத்தையோ கட்டணம் வசூலிக்கும் உரிமையையோ கொடுப்பது மற்றொரு வழி. முன்னது மக்கள் விரும்பிக் கொடுத்த பணம் என்பதாலும், பின்னதில் கருவூலத்திலிருந்து ரொக்கம் வெளியேறுவதில்லை என்பதாலும், இரண்டிலும் கணக்குக் கேட்பவரின் குரல் தணிந்துவிடுகிறது.

இரண்டாம் வழிக்கு ஒரு சான்றைப் பார்ப்போம். பெங்களூரில் நீலசந்திராவை அடுத்த ஈஜிபுராவில், நலிவுற்ற பிரிவினருக்காகக் கட்டப்பட்ட ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் சில ஆண்டுகளிலேயே பழுதடைந்தன. சுமார் 15 ஏக்கர் பரப்புள்ள அவ்விடத்தின் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடுகள் கட்டித் தருவது, மறுபகுதியை வணிகத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது என்ற உடன்பாட்டின்படி மாநகராட்சி அதனைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2013 ஜனவரியில் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது, தலித்துகளும் முஸ்லிம்களும் தமிழ்க் குடும்பங்களும் உள்ளிட்ட பலர் நடைபாதையில் தார்ப்பாய் கட்டித் தங்கினர். இங்குக் கொடுக்கப்பட்டது பணமன்று, நிலம். ஆயினும் பொதுநிலம் பொதுப்பணத்தின் மற்றொரு உருவமே. தார்ப்பாயின்கீழ் இருப்பவர் தம் வீட்டை மாநகராட்சியிடம் கேட்பதா, நிறுவனத்திடம் கேட்பதா என்று தெளியாத நிலை எழுமாயின், கைமாறியது பணி மட்டுமன்று, பதிலும்தான்.

பரிசுச்சீட்டில் இதே சிக்கல் நுட்பமாக உள்ளது. அண்ணா முதலமைச்சராயிருந்த 1968இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட அரசுப் பரிசுச்சீட்டு, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்னும் முழக்கத்தோடு விற்கப்பட்டது. இம்முழக்கத்தின் பின்பாதி, சீட்டை வாங்கித் தோற்றவரை ஒரு கொடையாளராக்குகிறது. அவ்வாறாயின் அரசு அக்கொடையின் அறங்காவலர், அதாவது பிறர் பொருளைப் பிறர் நன்மைக்காகக் காப்பவர் ஆகிறது. 2003இல் தமிழ்நாடும் 2007இல் கர்நாடகமும் பரிசுச்சீட்டைத் தடைசெய்தன; கேரளம் இன்றும் நடத்துவதோடு, காருண்யா என்னும் சீட்டின் வருவாயை ஏழைகளின் மருத்துவ உதவிக்கு ஒதுக்கியது. சூதை ஒரு தனி அதிகாரத்தில் கண்டித்த வள்ளுவரை அறிந்த சமூகத்தில், நோக்கத்தின் நன்மை வழியின் குறையை மறைக்குமா என்ற ஐயம் எழுவது இயல்பு. மறைக்கும் என்றே கொண்டாலும், அந்நோக்கம் நிறைவேறியதா என்பதைக் கணக்குத்தான் காட்டவேண்டும்.

பொறுப்பேற்றவர் கணக்குக் காட்டவேண்டும் என்னும் இக்கோட்பாடு தமிழருக்குப் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச்செய்யும் குடவோலை முறை விளக்கப்படுகிறது. அதே கல்வெட்டு, முன்பு ஊர் வாரிய உறுப்பினராயிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் தேர்வுக்குத் தகுதியற்றோர் ஆக்குகிறது. ஆளைத் தேர்வது குலுக்கலுக்கு விடப்பட்டது; கணக்கு விடப்படவில்லை. அதேபோல், இஸ்லாமிய அறக்கொடையான வக்ஃப் சொத்தை மேலாளும் முத்தவல்லியும் அதன் உரிமையாளர் அல்லர், கணக்குக் காட்டவேண்டிய காப்பாளரே.

தனியார் தம் வணிக இரகசியத்தைக் காக்க உரிமையுடையவர் என்ற மறுப்புக்கும் ஓரளவு வலிமை உண்டு. அரசுக்கு 49 விழுக்காடு பங்கிருந்த தில்லி மின்வழங்கு நிறுவனங்களைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் ஆராயவேண்டும் என்ற ஆணையை, 2015இல் தில்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. ஆனால் அலைக்கற்றையைப் பயன்படுத்தும் தனியார் தொலைபேசி நிறுவனங்களின் வருவாயில் அரசுக்குப் பங்கு இருப்பதால் அவற்றின் கணக்கை அத்தணிக்கையர் ஆராயலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் அடிப்படையே அறத்துக்கு நெருக்கமானது: பொதுச்சொத்து எந்தக் கைக்குச் செல்கிறதோ, கணக்குக் கேட்கும் உரிமையும் அந்தக் கைவரை செல்லவேண்டும். பணியை ஒப்படைக்கலாம், இலாபத்தையும் பகிரலாம். பதில் சொல்லும் கடமை மட்டும் ஒப்பந்தத்தால் கைமாறுவதில்லை.