மீன் கழுவின தண்ணீர்

கொல்லையில் கறிவேப்பிலைச் செடி குச்சி குச்சியாக நிற்கிறது. என் தோள் உயரம் வளர்ந்துவிட்டது. இலையைப் பறித்தால் ஒரு ரசம் தாளிக்கக்கூடக் காணாது. எரு வைத்தேன், புளித்த மோர் ஊற்றினேன், ஒன்றுக்கும் மசியவில்லை. இதே இடத்தில் அப்பாயி காலத்தில் நின்ற மரத்தைத் தெருவே வந்து ஒடித்துக்கொண்டு போகும். பத்து நாளில் மறுபடி தழைத்துவிடும். மண் அதே மண்தான்.

காலையில் பல் துலக்கிக்கொண்டே அந்தக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு வேலை இல்லை.

*

மன்னார்குடியில் நாங்கள் நாள்காட்டியைவிட ஆற்றைத்தான் நம்பினோம். மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். வழக்கம் என்று பெயர்தானே தவிர, ஒவ்வோர் ஆண்டும் ஒரு கணக்கு. 2022இல் மே 24இலேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காக்க வைத்தார்கள். கல்லணை, வெண்ணாறு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பு என்று வந்து, அங்கிருந்து பாமணியில் திரும்பி எங்கள் ஊருக்கு வருவதற்குள் தண்ணீருக்கே களைத்துப்போயிருக்கும். முதலில் நுரையும் செத்தையும் வரும். பின்னால் ஒரு சாண் தண்ணீர், காய்ந்த மணலை நனைத்துக்கொண்டு, யாரையோ தேடுவதுபோல் அங்குமிங்கும் நாக்கை நீட்டிக்கொண்டு வரும்.

"ஆத்துல தண்ணி வந்துட்டு!"

யார் கத்தினாலும் தாத்தா பரணில் கிடக்கும் தூண்டிலை எடுத்துவிடுவார். அப்பாயி விதைக் கலயத்தை எடுப்பாள். புடலை, பீர்க்கு, அவரை எல்லாம் சாம்பலில் புரட்டி வைத்திருக்கும். ஆடிப் பட்டம்.

*

தாத்தாவின் தூண்டில் மூங்கில் கழி. நரம்பும் முள்ளும் ஈயமும் கடையில் வாங்கியவை. தக்கை மட்டும் மயிலிறகின் அடித்தண்டு. வெள்ளையாக, விரல் நீளத்துக்கு நறுக்கிக் கட்டியிருப்பார். மதகடியில் உட்கார்ந்தால் பேச்சே கிடையாது. தக்கையைப் பார்த்தே மீனைச் சொல்லுவார். நடுங்கினால் சிலேபி, கொத்திக் கொத்தி விட்டால் கெண்டை, சாய்த்து இழுத்துக்கொண்டு போனால் கெளுத்தி. சிலேபியை அவருக்குப் பிடிக்காது. ஆப்பிரிக்கா பக்கத்து மீன், 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்து விட்டது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும் தாய். அந்தக் கெட்டிக்காரத்தனத்தாலேயே குளம் குட்டையெல்லாம் அதுவாகிவிட்டது. "வந்தேறிப் பய" என்று சொல்லிக்கொண்டே பையில் போடுவார்.

விரால் விஷயத்தில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். தண்ணீர்மேல் செக்கச்செவேலென்று பந்துபோல் குஞ்சுக்கூட்டம் மிதந்தால், அடியில் பெரியது காவல் இருக்கும். தவளையைக் கோத்து அங்கே போட்டால் கட்டாயம் பாயும். தாத்தா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பார்ப்பார். காரணம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

*

புழு தோண்டுவது என் வேலை. கொல்லைக் கோடியில், கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் நடுவே மண் கறுத்து, கோடையிலும் ஈரம் காயாமல் இருக்கும். மண்வெட்டியால் ஒரே கொத்து. நாலைந்து மண்புழு நெளியும். கொட்டாங்கச்சியில் அந்த மண்ணையே கொஞ்சம் போட்டு அள்ளிக்கொள்வேன். வேறு எங்கே கொத்தினாலும் இவ்வளவு கிடைக்காது. ஏன் அங்கே மட்டும் என்று அப்போது தோன்றவில்லை.

*

மீன் வந்ததும் அப்பாயி கிணற்றடியில் அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அடுப்புச் சாம்பலை ஒரு கை அள்ளி மீன்மேல் போடுவாள், வழுக்காது. கெளுத்தி என்றால் முதலில் மூன்று முள்ளையும் ஒடித்துவிடுவாள். செதிலைச் சீவி, செவுளைக் கிள்ளி, குடலை எடுத்து, கல்லில் தேய்ப்பாள். விரால் வெள்ளைவெளேரென்று ஆகிற வரைக்கும் விடமாட்டாள். முதல் தண்ணீர் சிவப்பாகப் போகும். அடுத்தது மஞ்சளும் உப்பும் போட்டது. கடைசியாக அரிசி கழுவின தண்ணீர். எல்லாவற்றையும் ஒரே குண்டானில் சேர்த்து வைத்திருப்பாள்.

"கொட்டிப்புடாதடா. கறிவேப்பிலைக்கு ஊத்து."

செதிலும் குடலும் வாழையடிக்கு. பூனை தோண்டாமல் இருக்க ஆழமாகப் புதைத்து, மேலே ஒரு கல் வைக்க வேண்டும். வைக்காமல் வந்து ஒருமுறை முதுகில் வாங்கினேன்.

மண்சட்டியில் நல்லெண்ணெய் காயும். கோடையில் வெங்காயமும் உளுந்தும் பூண்டும் கலந்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டிக் காயவைத்த வடகத்தில் கொஞ்சம் கிள்ளிப் போட்டதும் தெருமுனை வரைக்கும் சேதி போய்விடும். "ஓடிப்போய் ரெண்டு இணுக்கு ஒடிச்சுட்டு வா." ஒடிக்கப் போனால், கொஞ்ச நேரத்துக்கு முன் நான் ஊற்றின தண்ணீர் இன்னும் அடியில் வற்றாமல் நிற்கும். ஈ மொய்க்கும். அந்த நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஒடித்திருக்கிறேன். மணம் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும். அப்பாயியின் கையில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வாடை இருக்கும், எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தும் போகாது. ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் சுகமெல்லாம் தாத்தாவுக்கும் எனக்கும். இடுப்பொடிய உட்கார்ந்தது அவள்.

*

இப்போது மீன் துண்டுகளாகவே வீட்டுக்கு வருகிறது. வெட்டுக்கூலி கொடுத்தால் சுத்தம் செய்து பையில் போட்டுத் தருகிறார்கள். செதிலும் குடலும் ரத்தமும் அங்கேயே சாக்கடையோடு போய்விடுகின்றன. வீட்டில் குழாயடியில் ஒருமுறை அலசுகிறோம்; அந்தத் தண்ணீரும் குழாய்க்குள்ளேயே போய்விடுகிறது. கை மணக்கவில்லை, ஈ இல்லை. நல்லதுதான்.

போன மாதம் நர்சரியில் செடியைப் பற்றிப் புலம்பியபோது ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். மீன் அமிலம். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடை கலந்து, காற்றுப் புகாமல் மூடி ஊறவைத்து வடித்தது. லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி. நல்ல சரக்கு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் அந்தப் பழைய கிணற்றடி வாடை லேசாக வந்தது. கழிவை அங்கே விட்டுவர ஒரு காசு, அதையே இங்கே வாங்கிவர ஒரு காசு. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில், "வெட்ட வேணாம்மா, அப்படியே குடுங்க" என்றேன். கெளுத்தி, முக்கால் கிலோ. மீன்காரம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்ல அருவாமனை இருக்கா தம்பி?" என்றார்.

இருந்தது. பரணில், துருவேறி, தாத்தாவின் மூங்கில் கழிக்குப் பக்கத்திலேயே. சாம்பலுக்கு எங்கே போவது? கல்லுப்பைப் போட்டுத் தேய்த்தேன். மூன்றாவது மீனில் கட்டைவிரலில் முள் ஏறிவிட்டது. சாயங்காலம் வரைக்கும் விண்விண்ணென்று தெறித்தது. அரை மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. குழம்பு சுமார்தான்.

மூன்று தண்ணீரையும் ஒரே வாளியில் சேர்த்து, கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். குடலைப் புதைத்து மேலே கல் வைத்தேன்.

இன்றோடு பதினோரு நாள். இரண்டு கிளையில் கொழுந்து விட்டிருக்கிறது. அடியில் கொத்திப் பார்த்தேன், புழு இன்னும் வரவில்லை.